மருந்தின் பெயர் என்ன?

மாத்தளை முத்துமாரியம்மனுடைய ஊர். மாசி மகத்தன்று பஞ்சரதங்களும் வீதியுலா வரும்போது றத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை என்று நாலா பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் சனங்கள் திரண்டு வருவார்கள். அம்மன் பெயரால் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பவர்கள் நாங்கள்; அம்மன் பெயரால் நோய்க்கும் பெயர் வைத்திருக்கிறோம். உடம்பிலே காய்ச்சலோடு கொப்புளம் எழுந்துவிட்டால் எம்மவர்கள் வேறு காரணம் தேடுவதில்லை. அம்மாள் வந்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகப்படும். தாளித்த கறி நிறுத்தப்படும். வெளியார் வரவு தடுக்கப்படும். வைத்தியரிடம் போவது அம்மாளை அவமதிப்பதாகும் என்று எண்ணி, மூன்று தண்ணீர் வார்க்கும்வரை நோயாளியை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பார்கள்.

இந்த வழக்கத்தை இகழ்வதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. பெரியம்மைக்கு மருந்தே இல்லாதிருந்த காலத்திலே, நோயாளியைத் தனியே வைத்து, குளிர்ந்த ஆகாரம் கொடுத்து, வீட்டாரை ஊர் சுற்றாமல் தடுத்த வழக்கம் அது. அதிலே அறிவு இருந்தது. பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்ததென்று 1980ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வழக்கம் மட்டும் எஞ்சி நின்று கொப்புளிப்பானுக்குப் பயன்பட்டு வருகிறது. அதனாலும் பெரிய கெடுதி இல்லை. ஆனால் கொப்புளமெல்லாம் அம்மாள் அல்ல என்பதை நான் அறிந்துகொண்ட விதத்தைச் சொல்லாமலிருப்பது குற்றமென்று பல வருடங்களாக என் மனம் உறுத்திக்கொண்டிருக்கிறது. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

நான் றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் நெடுங்காலம் ஆசிரியனாக இருந்தவன். 2011ஆம் ஆண்டில், எங்கள் பாடசாலையில் படித்து இடையிலே நின்றுவிட்ட பதினாறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்திக்கு வலிப்பு வரத் தொடங்கியது. முதலிலே காற்றுக் கருப்பு என்று கயிறு கட்டினார்கள். அதைக் கேள்வியுற்று லயத்துக்குப் போய்த் தாயைக் கடிந்துகொண்டவன் நான்தான். என் பேச்சைக் கேட்டுத்தான் அவள் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றாள். வைத்தியர் பார்த்தார், மாத்திரை கொடுத்தார்கள். சிறிய கடதாசி உறை. அதன்மேலே காலைக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு. வேறொன்றும் எழுதப்படவில்லை. தாய் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். நானும் பெரிய அறிவாளியைப்போல், “ஒரு வேளையும் விடக்கூடாது. விட்டால் வலிப்பு திரும்பும்” என்று எச்சரித்து அனுப்பினேன். அந்த அறிவுரை பிழையானதன்று. பின்னர் நடந்ததை நினைக்கும்போது, அந்தச் சொற்களே என் காதில் முதலில் ஒலிக்கின்றன.

ஏறக்குறைய இரண்டரை வாரம் சென்றது. ஒருநாள் மாலை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த கையோடு தாய் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல், தொண்டை நோ, கண் இரண்டும் கொவ்வைப்பழம் என்றாள். போய்ப் பார்த்தேன். முகத்திலும் நெஞ்சிலும் சிவந்த புள்ளிகள், உதட்டிலே கொப்புளம். லயத்துக் கிழவிகள் அதற்குள் வேப்பிலை செருகிவிட்டார்கள். “அம்மாதானே, வாத்தியாரய்யா?” என்று தாய் கேட்டாள். நான் ஆமென்று தலையசைத்தேன். அதோடு நின்றேனா? “வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே” என்றும் சொன்னேன். அவளும் விழுங்க முடியாமல் அழுத பிள்ளையின் வாயிலே, மாத்திரையைத் தேயிலைத் தண்ணீரிற் கரைத்து மேலும் இரண்டு நாள் ஊற்றினாள்.

மூன்றாம் நாள் காலை பிள்ளையின் முதுகைத் துடைக்கப்போன தாயின் கையோடு தோல் வந்துவிட்டது. வெந்நீர் ஊற்றியதுபோல் முதுகு முழுவதும் பச்சைப் புண். முச்சக்கர வண்டியிலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கிருந்து உடனே கண்டிக்கு அனுப்பினார்கள். வார்ட்டிலே இளம் பெண் டொக்டர் ஒருவர் பிள்ளையைக் கண்டதும் கேட்ட முதற் கேள்வி காய்ச்சல் எப்போது தொடங்கியது என்பதன்று. “கடைசி இரண்டு மாதத்திலே புதிதாக என்ன மருந்து தொடங்கினீர்கள்?” என்பதே. தாய் சொன்னாள்: “வெள்ளை மாத்திரைங்க. வட்டமா இருக்கும்.”

அந்த டொக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. வலிப்பு என்று கேட்டதும் அவரே ஊகித்துவிட்டார். கார்பமசெப்பின் என்பது அந்த மருந்தின் பெயர். அம்மாள் வரவில்லை, மருந்துதான் வந்திருந்தது. பிள்ளை ஐந்து வாரம் கிடந்து பிழைத்தாள். தோல் வளர்ந்தது. கண்கள் முழுமையாக மீளவில்லை. கண்ணீர் சுரப்பது வற்றி, வெயிலைப் பார்க்க முடியாதவளானாள். தேயிலை மலையிலே வெயிலைப் பார்க்க முடியாதவளுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதன் பின்னர் இந்நோயைப்பற்றித் தேடிப் படித்தேன். 1922ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து வைத்தியர்களாகிய ஸ்டீவன்ஸ், ஜோன்சன் என்னும் இருவர், ஏழு வயதும் எட்டு வயதுமான இரு சிறுவர்களிடம் கண்ட புதுவகைக் காய்ச்சலொன்றை விவரித்தார்கள். தோலிலே கொப்புளம், வாயிலே புண், கண்ணிலே கடும் அழற்சி. அவர்கள் பெயராலேயே ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் நோய் என்று அது வழங்குகிறது. 1956இல் ஸ்கொட்லாந்தின் அபடீன் நகரத்து வைத்தியர் அலன் லயல், இதனிலும் கொடியதாய், வெந்நீர் பட்டதுபோல் உடம்புத் தோல் முழுவதும் கழன்றுவிடும் நிலையை நான்கு நோயாளிகளைக் கொண்டு விளக்கினார். இன்று இவ்விரண்டையும் ஒரே நோயின் சிறிய வடிவமும் பெரிய வடிவமுமாகக் கருதுகின்றனர். உடற்பரப்பில் நூற்றுக்குப் பத்துக்குக் குறைவாகத் தோல் கழன்றால் முன்னது. முப்பதுக்கு மேற்பட்டால் பின்னது. பின்னதிலே மூவரில் ஒருவர் அளவுக்கு இறந்துபோகிறார்கள். பெரியவர்களுக்கு வரும்போது பெரும்பாலும் காரணம் மருந்துதான். பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஒரு சிலருக்கே வருமென்பதால், ஒரு வைத்தியர் தம் வாழ்நாளில் இரண்டு மூன்று பேரைக் கண்டாலே அதிகம். அரிதான நோய் என்பது உண்மை. ஆனால் அரிது என்ற சொல், வந்தவள் எதிரே நிற்கும்போது பொருளற்றுப் போகிறது.

இதை வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே மருந்து கலப்படமானதன்று, காலாவதியானதுமன்று. 2023ஆம் ஆண்டிலே தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து விவகாரம் இந்நாட்டை உலுக்கியது. சுகாதார அமைச்சராயிருந்தவரே 2024 பெப்ரவரியிற் கைதானார். பத்திரிகைகள் அதைப் பக்கம் பக்கமாக எழுதின, எழுதியது சரியே. கெட்ட மருந்தைப்பற்றிக் கோபப்படுவது எளிது. அங்கே ஒரு கள்ளன் இருக்கிறான். நான் சொல்லும் விடயத்திலே கள்ளன் இல்லை. நல்ல மருந்து, சரியான நோய்க்கு, சரியான அளவிலே கொடுக்கப்பட்டது. ஆயிரம் பேருக்கு உயிர்காத்த அந்த மருந்து இந்த ஒருத்தியின் தோலை உரித்தது. கள்ளன் இல்லாத இடத்தில் எங்களுக்குக் கோபமும் வருவதில்லை, கவனமும் வருவதில்லை.

ஏன் அந்த ஒருத்தியை மட்டும்? இதற்கு 2004ஆம் ஆண்டிலே தாய்வான் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வியக்கத்தக்க விடை கண்டார்கள். எங்கள் உடலின் உயிரணுக்களின் வாயிலிலே, உள்ளே இருப்பவர் உறவினரா அந்நியரா என்று காவலருக்கு எடுத்துக் காட்டும் ஒருவகைப் புரதம் இருக்கிறது. அதன் அமைப்பு பெற்றோரிடமிருந்து வருவது. ஆளுக்கு ஆள் வேறுபடும். அதிலே ஒரு குறிப்பிட்ட வகையை உடையவர்களிடம் கார்பமசெப்பின் போய் ஒட்டிக்கொள்ளும்போது, சொந்த வீட்டுப் பிள்ளையே கள்ளனைப்போற் காட்சியளிக்கிறது. காவலர்கள் வீட்டையே இடித்துவிடுகிறார்கள். தாய்வானில் இம்மருந்தால் ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் நோய்க்கு ஆளான 44 பேரைச் சோதித்தபோது 44 பேரிடமும் அந்த வகை இருந்தது. மருந்தைத் தாங்கிக்கொண்டவர்களிடம் நூற்றுக்கு மூவரிடமே இருந்தது. பின்னர் 4,877 பேருக்கு மருந்து தொடங்குமுன்பே இரத்தத்தைச் சோதித்து, அந்த வகை உடையவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். 2011இல் அதன் முடிவு வெளியாயிற்று. ஒருவருக்கேனும் அந்நோய் வரவில்லை; சோதிக்காதிருந்தால் பத்துப் பேரளவிலாவது நோயுற்றிருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். எங்கள் பிள்ளையின் தோல் உரிந்ததும் அதே 2011ஆம் ஆண்டுதான் என்பதை நினைக்கும்போது என் நெஞ்சு கனக்கிறது.

இஃது சீனருக்கு உரிய நோய், எமக்கென்ன என்று கேட்பாரும் உளர். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2007ஆம் ஆண்டிலே, ஆசிய வம்சாவழியினருக்கு இம்மருந்தைத் தொடங்குமுன் இச்சோதனை செய்யவேண்டுமென்று அறிவித்தது. 2009இல் இந்தியாவில் வெளியான சிறிய ஆய்வொன்றிலே, இம்மருந்தால் நோயுற்ற எண்மரில் அறுவரிடம் அதே வகை காணப்பட்டது. எண்மர் என்பது சிறு தொகைதான்; ஆயினும் எம்மை நாமே விலக்கிக்கொள்ள இடமில்லை.

நிற்க. வலிப்பு மருந்து மட்டுமே இதைச் செய்வதென்று எண்ணிவிடலாகாது. பெனிட்டோயின், பீனோபார்பிட்டோன், லமோட்ரிஜின் ஆகியவையும் செய்யும். சல்பா இனத்து மருந்துகள் செய்யும். தொழுநோய்க்குக் கொடுக்கும் டப்சோன் வேறொரு வகையிலே, காய்ச்சலும் ஈரல் அழற்சியுமாகத் தாக்கும். மாத்தளை மாவட்டத்தின் வடபுறத்தார், தம்புள்ளை, கலேவெல, நாவுல பக்கத்தவர்கள், மலேரியாவை மறந்திருக்க மாட்டார்கள். மலேரியா மருந்துகளுள் ஒன்றாகிய பன்சிடார் என்பதிலும் சல்பா உண்டு. நோயில்லாத அமெரிக்கப் பிரயாணிகள் அதைத் தற்காப்புக்காக விழுங்கியபோது, 11,000 முதல் 25,000 பேருக்கு ஒருவர் வீதம் தோல் உரிந்து இறந்தனரென்று 1985ஆம் ஆண்டளவிற் கணக்கிட்டு, அந்த வழக்கத்தைக் குறைத்தார்கள். மலேரியாவால் சாகக் கிடப்பவனுக்கு அந்த ஆபத்து ஏற்கத்தக்கது. உல்லாசப் பிரயாணிக்கு ஏற்கத்தக்கதன்று. ஒரே மாத்திரைதான், தராசின் மறுதட்டிலே என்ன இருக்கிறது என்பதே கேள்வி. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. அந்த வெற்றியிலே இத்தகைய மருந்துகளுக்கும் பங்குண்டு. அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை.

தராசு என்றேன். இன்று அந்தத் தராசு சரியாகப் பிடிக்கப்படாத இடம் ஒன்று உண்டு. இரத்தம் சோதித்துப் பார்ப்பது இப்போது நகரங்களிலே ஒரு பழக்கமாகிவிட்டது. தாளிலே யூரிக் அமிலம் என்ற வரிக்கு நேரே எண் சற்றுக் கூடியிருந்தால், மூட்டிலே ஒரு நோவும் இல்லாதவருக்குக்கூட அலோப்பியூரினோல் என்ற மருந்து எழுதப்படுவதைக் கண்டிருக்கிறேன். என் நண்பர்களே விழுங்குகிறார்கள். மேற்சொன்ன நோயை உண்டாக்கும் மருந்துகளுள் அதுவும் முன்வரிசையில் நிற்பது. நோயை மாற்றுவதற்காக ஆபத்தை ஏற்கலாம். தாளிலுள்ள ஓர் எண்ணை மாற்றுவதற்காக ஏற்கலாமா என்று அவரவர் வைத்தியரை வாய்விட்டுக் கேட்கவேண்டும்.

இந்நோய் நீதிமன்றம்வரை சென்ற வரலாறும் உண்டு. அமெரிக்காவில் வாழ்ந்த அனுராதா சாஹா என்னும் வங்காளப் பெண்மணி, 1998 ஏப்ரலில் கணவரோடு விடுமுறைக்காகக் கல்கத்தாவுக்கு வந்தார். காய்ச்சலும் தோற்சிவப்பும் கண்டன. அது லயல் விவரித்த கொடிய வடிவமாக முற்றியது. உடம்பிலே மெல்ல மெல்லக் கரைந்து பலநாள் நிற்கவேண்டிய ஸ்டெரொயிட் ஊசி ஒன்றை, நாளுக்கு இருமுறை என்ற விபரீத அளவிலே எழுதிக் கொடுத்தார்கள். தோலிழந்தவருக்கு வேண்டிய பராமரிப்பும் கிடைக்கவில்லை. மே 28ஆம் திகதி அவர் மும்பையிற் காலமானார். கணவர் குணால் சாஹா தாமே ஒரு வைத்தியர். வழக்கைத் தொடர்ந்து, ஒவ்வொரு மன்றமாக ஏறி இறங்கினார். 2009இல் இந்திய உயர்நீதிமன்றம் கல்கத்தாவின் மருத்துவமனையொன்றையும் வைத்தியர்களையும் கவனக்குறைவுக்குப் பொறுப்பாளிகளாக்கியது. 2013 ஒக்டோபர் 24இல் நட்டஈட்டை ஏறக்குறைய ஆறு கோடி இந்திய ரூபாவாக உயர்த்தியது. அந்நாட்டிலே மருத்துவக் கவனக்குறைவுக்கு அதுவரை அவ்வளவு பெருந்தொகை தீர்ப்பானதில்லை.

பதினைந்து வருடம். படித்த கணவர், அதிலும் வைத்தியர், வெளிநாட்டில் உழைப்பவர். அவருக்கே பதினைந்து வருடம் சென்றது. எங்கள் லயத்துத் தாய்க்கு எத்தனை ஜன்மம் செல்லும்? ஆகவே நட்டஈட்டு வழியைப்பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. அந்தத் தீர்ப்பைப்பற்றிப் படித்தபோது என் மனத்திலே தைத்தது வேறு. இந்நோயிலே முதன்மையான மருத்துவம் ஊசியன்று. காரணமான மருந்தை அந்தக் கணமே நிறுத்துவதும், தீப்புண்பட்டவரைப்போல் நீரும் சூடும் காத்துப் பராமரிப்பதும், கண்ணை நாள்தோறும் கண்வைத்தியர் பார்ப்பதுமே. எவ்வளவு விரைவிலே நிறுத்துகிறோமோ அவ்வளவுக்கு உயிர் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். நான் இரண்டு நாள் தாமதித்தவன். நிறுத்தாதே என்று வேறு சொன்னவன்.

நிறுத்துவதற்கு, எதை நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? இங்கேதான் என் வழக்கு இருக்கிறது.

அந்தப் பிள்ளை கண்டியிலிருந்து வீடு திரும்பியபோது அட்டையொன்று கொடுத்தார்கள். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர் அதிலே ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. தாய் அதை டிரங்குப் பெட்டியிலே பத்திரப்படுத்தினாள். அடுத்த வருடத்து மழையிலே லயத்துக் கூரை ஒழுகியது. அட்டை நைந்து மையும் கரைந்துவிட்டது. 2013இல் மறுபடியும் வலிப்பு. இம்முறை அவசரத்திலே தனியார் மருந்தகம் ஒன்றுக்கு ஓடினார்கள். அங்கே இருந்தவர், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று முறைப்படி கேட்டாராம். “ஒரு வெள்ளை மாத்திரை ஒத்துக்காதுங்க” என்றாளாம் தாய். அவர் கொடுத்தது இளஞ்சிவப்பு மாத்திரை. இரண்டு வேளை விழுங்கியதும் பிள்ளைக்குக் கண் எரிந்தது, உதடு தடித்தது. அவளே துப்பிவிட்டாள். “அம்மா, இது அதேதான்” என்றாளாம். படிப்பை இடையில் விட்ட அந்தப் பிள்ளையின் உடம்பு, எந்த அட்டையிலும் எழுதப்படாததை வாசித்துவிட்டது. நான் மிச்ச மாத்திரையைக் கொண்டுபோய், விடயம் தெரிந்த மருந்தாளர் ஒருவரிடம் காட்டினேன். கொம்பனிப் பெயர் வேறு, நிறம் வேறு, மருந்து அதே கார்பமசெப்பின்.

எம் நாட்டிலே இதை அறுபது வருடத்துக்கு முன்பே உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். பேராசிரியர் சேனக பிபிலே. மருந்துகளைக் கொம்பனிகள் வைக்கும் வாணிபப் பெயராலன்றி, அவற்றின் பொதுப் பெயராலேயே வாங்கவும் எழுதவும் வேண்டுமென்று வாதாடினார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. 1977இல் அவர் கயானா நாட்டிலே காலமானார். அவருடைய வாதத்தைப் பெரும்பாலும் விலையின் வாதமாகவே எல்லோரும் நினைவுகூருகிறார்கள். ஏழை நாடு மலிவாக மருந்து வாங்குவதற்கான வழி என்று. விலை மட்டுமன்று. ஒரு மருந்துக்கு ஒரே பெயர் இருந்தால், கண்ணிழந்த பிள்ளை அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வாள். இருபது பெயர் இருந்தால் எதை வைத்துக்கொள்வாள்? 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய மருந்துகள் ஒழுங்குறுத்தல் அதிகாரசபை அமைந்தபோது, பிபிலேயின் கனவு நனவாயிற்று என்று மேடைகளிலே பேசினார்கள். கடதாசி உறையில் கோடு கிழிக்கும் வழக்கத்தைக் கனவு எட்டவில்லை.

தோட்டத்து மக்களுக்குப் பெயரின் அருமை தெரியாதென்று எவரும் சொல்லலாகாது. நாட்கூலி கிடைப்பதையே “பேர் போடுவது” என்பவர்கள் நாங்கள். பேர் விழாவிட்டால் அன்றைய உழைப்பு மண்ணோடு போகும். நிறை குறைந்தால் அரைப்பேர். அதற்காகக் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்கும் அதே தாய், மருந்து கொடுக்கும் யன்னலின் முன்னால் வாய்பேசாது நிற்கிறாள். அங்கே கேட்பது மரியாதைக் குறைவென்று எண்ணுகிறாள். கேட்டாலும் எந்த மொழியில் பதில் வரும் என்ற பயம் வேறு. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பெயர்ப்பலகைகளிலே தமிழ் எழுத்து ஏறியிருக்கிறது. சில வேளை பிழையாக எழுதப்பட்டேனும் ஏறியிருக்கிறது. பெயர்ப்பலகையைப் பார்த்து எவரும் உயிர் பிழைப்பதில்லை. மருந்து உறையிலே மூன்று மொழியிலும் மருந்தின் பொதுப் பெயரை அச்சிட்டு ஒட்டுவதற்கு எவ்வளவு செலவாகும்? ஒரு நாளிலே சில நூறு பேரைப் பார்க்கும் கிளினிக்கில், களைத்துப்போன ஊழியர் கையால் எழுத முடியாதென்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அச்சிட்ட ஒட்டுத் தாளுக்குக் களைப்பு இல்லை.

அதோடு இன்னொன்று. வலிப்பு மருந்தோ, அலோப்பியூரினோலோ, சல்பாவோ புதிதாகத் தொடங்கும் ஒருவரிடம் மூன்று வாக்கியம் சொல்லவேண்டும். முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு கண் சிவந்து, வாய் புண்ணாகி, தோல் தொட்டால் நோகிறதென்றால் அது அம்மாள் அல்லாமலும் இருக்கலாம். அடுத்த வேளை மருந்தை எடுக்காதே. அன்றைக்கே உறையோடு ஆஸ்பத்திரிக்கு வா. கொப்புளிப்பான் சொறியும், இது எரியும், நோகும். கொப்புளிப்பானில் விரலால் அழுத்தினால் தோல் நழுவாது, இதிலே நழுவும். இவற்றை வைத்தியர்தான் சொல்லவேண்டுமென்றில்லை. தாதி சொல்லலாம், தோட்டத்து மருத்துவ உதவியாளர் சொல்லலாம். கோவிற் பூசகர் சொன்னால் இன்னும் நன்று. அம்மாள் என்று அழைத்துப் போகப்படுபவர் அவர்தானே.

மருந்தென்றாலே நஞ்சு என்று என் எழுத்தைக் கொண்டு எவரேனும் பிரசாரம் செய்வார்களோ என்ற அச்சமும் எனக்கு உண்டு. கண்டி வீதியிலே வரிசையாக இருக்கும் வாசனைத் திரவியத் தோட்டங்களில், மூலிகைக்குப் பக்கவிளைவே இல்லையென்று உல்லாசப் பிரயாணிகளுக்குச் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். விளைவு உள்ள பொருளுக்குப் பக்கவிளைவும் இருந்தே தீரும். வலிப்புக்காரர் மருந்தை நிறுத்தினால் அடுப்பிலும் பீலிக்கரையிலும் விழுந்து சாவார்கள். அத்தகைய சாவு இரண்டை நான் தோட்டத்திலே கண்டவன். அந்தப் பிள்ளையும் மருந்தில்லாமல் வாழவில்லை. வேறு இனத்து மருந்தொன்றைக் கிளினிக்கிலே கவனமாகத் தேர்ந்து கொடுத்தார்கள். இன்றளவும் வலிப்பின்றி இருக்கிறாள். தாய்வானில் செய்ததைப்போல் மருந்துக்கு முன்பே இரத்தத்தைச் சோதிக்கும் வசதியை மலையகத்து ஆஸ்பத்திரிகளுக்கும் கிடைக்கச் செய்யவேண்டும் என்பது என் கோரிக்கை. ஒருவருக்கு வாழ்நாளில் ஒரேமுறை செய்யும் சோதனை அது. அதுவரையில், பெயரையாவது எழுதுங்கள்.

2013இல் நான் ஓர் அட்டையை வெட்டி, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மருந்தின் பெயரை எழுதி, கீழே “இந்த மருந்தும் இதன் இனத்து மருந்துகளும் இவருக்குக் கொடுக்கலாகாது” என்று குறித்து, பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கொடுத்தேன். கடந்த மாசி மகத்தன்று தேர் பார்க்க நின்றபோது கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒருத்தி வந்து கும்பிட்டாள். மணமாகி உக்குவளைப் பக்கத்தில் இருக்கிறாளாம். கைப்பையைத் திறந்து அந்த அட்டையைக் காட்டினாள். ஓரமெல்லாம் மடிந்து மஞ்சளாகியிருந்தது. புதிதாக ஒன்று எழுதித் தரவேண்டுமென்றாள். எழுதித் தருகிறேன் என்றேன்.

“ரெண்டா எழுதுங்க, வாத்தியாரய்யா” என்றாள். சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகனுக்கு ஐந்து வயதிருக்கும். தேரின் மேலேயே கண்ணாயிருந்தான். “இவனுக்கும் அது ஒத்துக்காதுங்களா?”

தாயிடமிருந்து பிள்ளைக்கு அந்த வகை வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. சோதித்தால்தான் தெரியுமென்றேன். எங்கே சோதிப்பது என்று கேட்டாள். விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். இரண்டு அட்டைகளையும் மறுவாரமே தபாலில் அனுப்பினேன். மகனுடையதிலே, “தாய்க்கு ஒத்துக்கொள்ளாத மருந்து, கொடுக்குமுன் கேட்கவும்” என்று எழுதினேன்.